வெளிநாட்டுச் சரக்கு, அழிக்கப்பட்ட தேதி: மதுரையில் எதைப் பார்த்து வாங்குவது?

தெப்பக்குளத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவுக்குப் பேறுகாலத்துக்காக வந்திருக்கும் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்கென்று வாங்கிய பால்பவுடர் டப்பாவை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் வெளிநாட்டுப் பொருள் விற்கும் கடை ஒன்றில் அவள் கணவர் வாங்கியது. விலை பாதிதான்.

டப்பா பளபளவென்று இருந்தது. அடிப்பாகத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். 2027 என்று முடியும் தேதி கறுப்பு மையில் பளிச்சென்று தெரிந்தது. அதே இடத்தில், அதற்கு அடியில், சாம்பல் நிறத்தில் இன்னொரு வரி எண்கள் மங்கலாகத் தெரிந்தன. தகரத்தின் மற்ற பகுதியெல்லாம் மினுமினுப்பாக இருக்க, அந்த இரண்டு விரற்கடை இடம் மட்டும் ஒளியிழந்து, தடவினால் சொரசொரவென்று இருந்தது. எதையோ வைத்துத் தேய்த்து அழித்துவிட்டு மேலே புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். பழைய வரியில் 2025 என்பது வரை படிக்க முடிந்தது. இறக்குமதி செய்தவரின் பெயரோ முகவரியோ டப்பாவில் எங்கும் இல்லை.

பச்சைக் குழந்தை குடிக்கிற பாலில் இப்படிக் கைவைக்க எப்படி மனம் வருகிறது? அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. டப்பா திறக்கப்படவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

நம் பக்கத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. துபாயிலிருந்து வந்த மாத்திரை, சிங்கப்பூர்த் தைலம், மலேசிய இருமல் மருந்து என்று பீரோவின் மேல்தட்டில் ஒரு பெட்டி இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே உணவு, மருந்து இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். இப்படிப்பட்ட சரக்கை எப்படி அடையாளம் காண்பது? சட்டம் என்ன சொல்கிறது? யாரிடம் புகார் கொடுப்பது? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

யானைக்கல் வாசகர்

டீச்சர், டப்பாவைத் திறக்கவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது நாளைக்கே வேறொரு வீட்டுக்குப் போய்விடும். பில் இருந்தால் டப்பாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

கீழமாசி வீதி வணிகர்

மளிகை மொத்த வியாபாரம் எங்கள் குடும்பத் தொழில். இறக்குமதிச் சரக்கும் எடுத்து விற்கிறோம். முறையாக வரும் சரக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால் முறைகேடாக வருவது தானாகக் கண்ணில் படும்.

விற்பனைக்காக உணவுப்பொருளை நாட்டுக்குள் கொண்டுவருகிறவர், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தூத்துக்குடியிலோ சென்னையிலோ சரக்கு இறங்கி அனுமதி கேட்கும்போது, 2017-ஆம் ஆண்டு இறக்குமதி ஒழுங்குமுறைகளின்படி அதன் மொத்த ஆயுளில் 60 சதவீதம் மீதமிருக்க வேண்டும், அல்லது காலாவதிக்கு 3 மாதமாவது இருக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அது கணக்கு. லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். இறக்குமதியாளர் பெயர், முகவரி, ஆணையத்தின் முத்திரையோடு 14 இலக்க உரிம எண், சைவ அசைவக் குறி ஆகியவை விடுபட்டிருந்தால், சுங்கக் கிடங்கிலேயே ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ள அனுமதி உண்டு. தேதியை ஒட்டவோ திருத்தவோ யாருக்கும் அனுமதி கிடையாது. உற்பத்தி செய்த நிறுவனம் அச்சிட்ட தேதி அப்படியே இருக்க வேண்டும்.

ஆகவே ஸ்டிக்கரைக் கண்டு பயப்பட வேண்டாம். இறக்குமதியாளர் ஸ்டிக்கரே இல்லாத பொருளைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய இடமும் முக்கியம். தேதியின் மேலேயே ஒட்டியிருந்தால் அதை வாங்காதீர்கள்.

ஸ்டிக்கர் இல்லாமல் அந்தப் பொருள் கடைக்கு எப்படி வந்தது? குருவிகள், அதாவது விற்பதற்கென்றே பெட்டியில் சரக்குக் கொண்டுவரும் பயணிகள் வழியாக. சொந்த உபயோகத்துக்கென்று பயணி பெட்டியில் கொண்டுவரும் உணவு, ஆணையத்தின் இறக்குமதிச் சோதனைக்கு உட்படுவதில்லை. அது நியாயமான சலுகை. ஆனால் அந்தச் சலுகையில் வந்த பெட்டி மறுநாள் கடை அலமாரிக்குப் போகிறது. தேதி நெருங்கியதால் வெளிநாட்டில் அடிமாட்டு விலைக்குத் தள்ளும் சரக்கை வாங்கினால்தான் குருவிக்கு இலாபம். இங்கே வந்து விற்றுத் தீர்வதற்குள் தேதி முடிந்துவிடுகிறது. பிறகு என்ன நடக்கிறது என்பதை டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டார்கள்.

திருநகர், ஓய்வுபெற்ற பொறியாளர்

தேதியை மாற்றி அச்சடிப்பது மோசடி. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தேதி முடிந்ததெல்லாம் விஷம் என்ற அளவுக்கு அச்சத்தைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்க ராணுவம் தன்னிடம் குவிந்திருந்த மருந்துகளை வீணாக்க மனமில்லாமல் 1986-இல் ஆயுள் நீட்டிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2006-இல் வெளியான அதன் முடிவுகளைப் படித்திருக்கிறேன். 122 வகை மருந்துகளைச் சோதித்ததில், 88 சதவீதத் தொகுதிகளுக்கு (பேட்ச்) தேதி முடிந்த பிறகும் குறைந்தது ஓராண்டு நீட்டிப்புக் கொடுக்க முடிந்தது. உணவை எடுத்துக்கொண்டால், குழந்தைப் பால்பவுடர் தவிர மற்றவற்றுக்குத் தேதி அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு கட்டாயப்படுத்துவதே இல்லை.

எங்கள் வீட்டில் தேதி முடிந்த பிஸ்கட்டையோ சாக்லேட்டையோ எறிவதில்லை. சோற்றுக்கு வழியில்லாதவர்கள் இருக்கும் நாட்டில் நல்ல உணவைக் குப்பையில் போடுவதும் தவறுதான்.

கோரிப்பாளையம் மருந்தாளுநர்

ஐயா குறிப்பிட்ட ஆய்வு உண்மையானது. அதை வைத்து நம் வீட்டு மேல்தட்டுப் பெட்டிக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதுதான் என் வாதம்.

அந்த மருந்துகள் திறக்கப்படாத மூலக் கொள்கலன்களில், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்குகளில் இருந்தவை. ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே நீட்டித்தார்கள். ஒரே மருந்தின் ஒரு தொகுதி பல ஆண்டு தாங்கியது, இன்னொரு தொகுதி தாங்கவில்லை. ஆகவே "இந்த மருந்து தேதிக்குப் பிறகும் நன்றாக இருக்கும்" என்று பொதுவாகச் சொல்ல அந்த ஆய்வே இடம் தரவில்லை. உங்கள் கையில் இருக்கும் அட்டையை யார் சோதித்தார்கள்?

பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. காலாவதித் தேதி தனியாக நிற்பது இல்லை. "இந்த வெப்பத்தில் வைத்திருந்தால், இந்த நாள் வரை" என்பதுதான் அதன் முழுப் பொருள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பதற்கான மருந்துகளின் ஆயுளை வழக்கமாக 25 டிகிரி செல்சியஸில் வைத்துச் சோதித்து முடிவு செய்கிறார்கள். நம் நாட்டுச் சந்தைக்கென்று தயாரிப்பதை 30 டிகிரியில் சோதிக்க வேண்டும். இங்கே அக்கினி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், பீரோவின் மேல்தட்டில், இரவிலும் 25 டிகிரிக்குக் குறைவதில்லை. அட்டையில் தேதி இன்னும் ஓராண்டு இருக்கலாம். அந்த ஓராண்டு இங்கே செல்லாது.

எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. சாதாரண மாத்திரைகள் மெதுவாக வீரியம் இழக்கும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். விமானத்தில் சரக்கோடு ஏற்றிய பெட்டியில் வைத்து உறைந்துபோனால், திரும்ப உருகிய பிறகு பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் அது வேலை செய்யும் என்று நம்ப முடியாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை, புட்டியைத் திறந்து மூடி, வெப்பத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும். உயிர் போகும் நேரத்தில் அதை நம்பித்தானே நாக்கில் வைக்கிறோம்? கண் சொட்டு மருந்தைத் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால், தேதி மிச்சமிருந்தாலும் கண்ணில் விடக்கூடாது. நீர் கலந்து கரைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, வகையைப் பொறுத்து 7 முதல் 14 நாள் வரைதான்.

வீரியம் குறைவதோடு நில்லாமல் நஞ்சாகவே மாறிய சம்பவமும் உண்டு. சிதைந்துபோன டெட்ராசைக்ளின் மாத்திரை தின்றவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 1963-இல் அமெரிக்க மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். மாத்திரையின் கலவையை அதன்பின் மாற்றிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னை அதிகம் கவலைப்படுத்துவது வீரியம் இழந்த நுண்ணுயிர்க்கொல்லிதான். காய்ச்சல் கொஞ்சம் அடங்கும், கிருமி சாகாது. நோயாளி குணமாகிவிட்டதாக நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவார்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, தேதி முடிந்த மருந்தை விற்பனை அலமாரியில் வைப்பதே குற்றம். தனியாகப் பிரித்து, விற்பனைக்கு அல்ல என்று எழுதி, திருப்பி அனுப்பவோ அழிக்கவோ மட்டும் வைத்திருக்கலாம். விற்பனைக்காக இறக்குமதியாகும் மருந்துக்கும் 60 சதவீத ஆயுள் மீதமிருக்க வேண்டும். லேபிளில் இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கும். பயணி தன் சொந்தத் தேவைக்கு 100 வேளைக்கு மேற்படாத அளவு கொண்டுவரலாம். அதைக் கடையில் விற்க வழியே இல்லை. வெளிநாட்டு மருந்தை ஒரு கடைக்காரர் பில் இல்லாமல் எடுத்து நீட்டினால், தேதியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்காமல் வந்துவிடுங்கள்.

குழந்தை மருத்துவர், அண்ணா நகர்

டீச்சர் கேட்ட பால்பவுடரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அமெரிக்கா மற்ற உணவுகளை விட்டுவிட்டுப் பால்பவுடருக்கு மட்டும் தேதியைக் கட்டாயமாக்கியது ஏன் என்று பொறியாளர் ஐயா யோசித்துப் பார்க்க வேண்டும். பெரியவர் பிஸ்கட் தின்றால் அது அவர் உணவில் ஒரு துளி. தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு அந்தப் பவுடர்தான் முழு உணவு. தேதி கடந்தால் வைட்டமின்கள் குறையும், கொழுப்புச் சிக்கு அடிக்கும். குழந்தை குடித்துக்கொண்டேதான் இருக்கும், ஊட்டம் மட்டும் சேராது. பால்பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அல்ல என்பதால், நல்ல டப்பாவின் பவுடரையே, கொதிக்கவைத்து 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் கலந்து, ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தேதி அழித்த டப்பா எங்கே கிடந்தது, எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டுக் காய்ச்சல் மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. பாராசிட்டமால் திரவம் 5 மில்லிக்கு 120, 125, 160, 250 மில்லிகிராம் என்று நாட்டுக்கு நாடு வேறுபடும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். இங்கே மருத்துவர் எழுதிய அளவை அந்தப் புட்டியிலிருந்து ஊற்றினால், குழந்தைக்கு இரண்டு மடங்கோ அதற்கு மேலுமோ போய்ச் சேரலாம். கல்லீரல் தாங்காது. லேபிள் அரபியில் இருந்தால் பாட்டிக்கு எப்படித் தெரியும்? குழந்தைக்கு வெளிநாட்டு மருந்து கொடுக்கவே வேண்டாம் என்று பெற்றோரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஜோகூரிலிருந்து மேலூர்க்காரன்

இழை முழுவதையும் படித்தேன். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும்.

ஊருக்குப் புறப்படும்போது வெறும் கையோடு வர முடியாது. அப்பத்தாவுக்குக் கோடாலித் தைலம், மதினிக்குச் சோப்பு, பிள்ளைகளுக்குச் சாக்லேட், மாமாவுக்கு மூட்டுவலி மாத்திரை என்று ஒரு பட்டியலே வந்துவிடும். 30 கிலோ பெட்டிக்குள் அத்தனை பேரும் அடங்க வேண்டும். சம்பளத்துக்குள்ளும் அடங்க வேண்டும். தள்ளுபடி போட்டிருக்கும் அடுக்கில் கை போவது இயல்பு. தள்ளுபடியில் கிடப்பது தேதி நெருங்கிய பொருள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், ஒரு வாரத்தில் தின்றுவிடுவார்கள். ஊரில் நடப்பது அப்படி இல்லை. அன்போடு கொடுத்த பொருளை உடனே தின்றுவிட மனமில்லாமல், விருந்தாளி வரும்போது எடுக்கலாம் என்று பூட்டி வைத்துவிடுகிறார்கள். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது நான் கொடுத்த டப்பாவை எனக்கே திறந்து நீட்டுவார்கள்.

இப்போதெல்லாம் கொடுக்கும்போதே பெரிய எழுத்தில் தமிழில் தேதியை எழுதி ஒட்டிவிடுகிறேன். சாப்பிட வேண்டிய மாத்திரை யாருக்கும் வாங்குவதில்லை. மாமா வருத்தப்பட்டார், பரவாயில்லை.

தேதியைப் படிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. மலேசியாவில் நம்மைப் போலவே நாள், மாதம், ஆண்டு. அமெரிக்கப் பொருளில் மாதம் முதலில் வரும். 05/08 என்று இருந்தால் அது ஆகஸ்டா, மே மாதமா? மூன்று மாதம் வித்தியாசம். தாய்லாந்துப் பொருளில் புத்த ஆண்டு அச்சிட்டிருப்பார்கள், அதிலிருந்து 543-ஐக் கழிக்க வேண்டும். 2569 என்றிருந்தால் 2026. சீனப் பொருள்கள் பலவற்றில் அச்சிட்டிருப்பது தயாரித்த தேதி மட்டுமே, எத்தனை மாதம் தாங்கும் என்பது வேறிடத்தில் சீன எழுத்தில் இருக்கும். கடைக்காரர் அந்தத் தேதியைக் காட்டி "இதுதான் காலாவதி" என்று சொன்னாலும், "இப்போதுதான் தயாரானது" என்று சொன்னாலும், நமக்குச் சரிபார்க்க வழியில்லை.

உடற்பயிற்சிப் பயிற்றுநர், கே.கே. நகர்

அண்ணன் சாக்லேட் பற்றிச் சொன்னார். எங்களிடம் வரும் தம்பிகளுக்கு வெளிநாட்டுப் புரதப் பவுடர்மேல்தான் மோகம். வட்டிக்குக் கடன் வாங்கி டப்பா வாங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாதி விலைக்குக் கைமாறும் டப்பாவில் இரண்டு விதமான ஏமாற்று இருக்கிறது. ஒன்று தேதி மாற்றியது. மற்றொன்று காலி டப்பாவை வாங்கி வேறு பவுடரை நிரப்பியது. மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் தாள் ஓரமெங்கும் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். பசை வழிந்திருந்தாலோ சுருங்கியிருந்தாலோ கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். டப்பா காலியானதும் லேபிளைக் கிழித்து, டப்பாவை ஓட்டை போட்டுவிட்டுப் பழைய இரும்புக்காரரிடம் கொடுங்கள். முழு டப்பாவாகக் கொடுத்தால் அதில் யார் எதை நிரப்புவார்கள் என்று சொல்ல முடியாது.

பொன்னகரம் மூத்த வாசகர்

தம்பி சொன்ன டப்பா விஷயத்தை மருந்துக்கும் பொருத்திப் பாருங்கள். 2010 மார்ச்சில் தமிழகத்தையே உலுக்கிய வழக்கு நினைவிருக்கிறதா? சென்னையில் காலாவதியான மருந்துகளுக்குப் புதுத் தேதி போட்டு மருந்துக்கடைகளுக்கே விற்ற கும்பலைப் பிடித்தார்கள். அழிப்பதற்காகக் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிய மருந்துகளை அங்கிருந்தே பொறுக்கியெடுத்து மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவை வெளிநாட்டு மருந்துகள் அல்ல. நம் ஊர் மருந்துகளே அப்படித் திரும்பி வந்தன என்றால், முகவரியே இல்லாமல் வரும் சரக்குக்கு என்ன பாதுகாப்பு?

ஆகவே தேதி முடிந்த மருந்தை எறியும் முறையும் முக்கியம். அட்டையோடு முழுசாகக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காபித் தூளிலோ மண்ணிலோ கலந்து, பையில் கட்டிப் போடுங்கள். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். புட்டியின் லேபிளைக் கிழியுங்கள். கடுமையான வலி நிவாரணிகள் உள்ளிட்ட சில மருந்துகளை அடுத்தவர் ஒரு வேளை தின்றாலே ஆபத்து. அப்படிப்பட்ட 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் ஊற்றிவிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் பட்டியலிட்டது. கேரளத்தில் அதே ஆண்டில் கோழிக்கோட்டில் வீட்டுக்கே வந்து பழைய மருந்துகளைச் சேகரிக்கும் திட்டத்தை முன்னோடியாகத் தொடங்கினார்கள். நூறு வார்டு உள்ள நம் மாநகராட்சி அதைச் செய்ய முடியாதா? மாமன்ற உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்.

தெப்பக்குளத்து ஆசிரியை

மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் மிக்க நன்றி. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். புகார் கொடுக்கும் வழியை யாராவது சொல்லுங்கள். கடைக்காரர் பில் தரவில்லையாம்.

நுகர்வோர் அமைப்புத் தொண்டர், எல்லீஸ் நகர்

பில் இல்லாவிட்டாலும் புகார் கொடுக்கலாம். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. டப்பாவின் நான்கு பக்கமும், அடிப்பாகத்தில் தேய்த்த இடமும் தெரியும்படி படம் எடுத்து, கடை இருக்கும் இடத்தையும் வாங்கிய நாளையும் எழுதி அனுப்புங்கள். ஜிபே போன்ற செயலியில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவும் சான்றுதான். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்து மூலமாகவும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மதுரை மண்டல உதவி இயக்குநர் அலுவலகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 27-ஆவது பிரிவு, தேதி முடிந்த பொருளை அனுப்பிய விநியோகஸ்தரையும் விற்ற கடைக்காரரையும் தனித்தனியே பொறுப்பாக்குகிறது. "எனக்குக் கொடுத்தவர் யாரென்று தெரியாது" என்று கடைக்காரர் சொல்லித் தப்ப முடியாது. யாரிடம் வாங்கினார் என்று காட்ட முடியாமல் இருப்பதே அதே பிரிவில் அவர் பொறுப்புக்குள் வருகிறது. 40-ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சொல்லலாம். பொருள் குறையுள்ளது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் நம் மதுரையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

திருநகர், ஓய்வுபெற்ற பொறியாளர்

மருந்து விஷயத்தில் மருந்தாளுநர் சொன்ன வெப்பக் கணக்கு எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். குழந்தை உணவிலும் சமரசம் கூடாது. ஆனால் உலர்ந்த உணவில் என் கருத்து மாறவில்லை. "இந்த நாளுக்குள் சுவை சிறப்பாக இருக்கும்" என்பதற்கும் "இந்த நாளுக்குப் பின் உண்ணாதே" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. சாக்லேட்டில் வெள்ளை பூத்திருந்தால் அது பூஞ்சை அல்ல, கொழுப்பு மேலே வந்து படிவது. தின்னலாம்.

கீழமாசி வீதி வணிகர்

ஐயா, வித்தியாசம் உண்டு என்பது சரி. அந்தக் குழப்பத்துக்காகவே 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளில், உண்ணக்கூடிய கடைசித் தேதியைக் கட்டாயமாக்கி, மற்றதை விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். சாக்லேட் வெள்ளை பற்றி நீங்கள் சொன்னதும் சரி. ஆனால் பிஸ்தா, பாதாம், முந்திரி, அத்திப்பழம் இவற்றையும் உலர்ந்த பொருள் என்றுதானே மக்கள் வைத்துக்கொள்வார்கள்? ஈரம் பட்ட பருப்பில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுமையாகப் போகாது. ஆண்டுக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். கசக்கிற பிஸ்தாவைத் துப்பிவிடுங்கள். உப்பிய மீன் டப்பாவைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது.

பெட்டிக்கடை நடத்துபவர், அலங்காநல்லூர் பக்கம்

டவுனில் இருப்பவர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். எங்கள் ஊருக்கு வரும் சரக்கைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரு சக்கர வண்டியில் பெரிய பையைக் கட்டிக்கொண்டு ஆள் வருவார். வெளிநாட்டுச் சாக்லேட், குளிர்பான டின், நூடுல்ஸ், சிப்ஸ் டப்பா. "டவுனில் இருநூறு ரூபாய், உங்களுக்கு ஐம்பது, விற்றுவிட்டுப் பணம் கொடுங்கள் அக்கா" என்பார். சாக்லேட்டை உறையைப் பிரித்துவிட்டு எடைபோட்டுத் தருவார், அப்போது தேதி என்ற பேச்சே கிடையாது. சித்திரைத் திருவிழாவுக்கும் எங்கள் ஊர்ப் பொங்கலுக்கும் போடும் தரைக்கடைகளில் இந்தச் சரக்குத்தான். ஒரு தடவை ஒரு டின்னை வாங்கிப் பார்த்தேன். மேல்மூடி உப்பி, விரலால் அழுத்தினால் உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது. அடியில் தேதி இருந்த இடத்தில் துருவைத் தவிர ஒன்றும் இல்லை. "வெயிலில் வந்ததால் அப்படி" என்றார். என் கடைக்கு வருகிற பிள்ளைகள் ஐந்து ரூபாயைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்களுக்கு அதை விற்க என்னால் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் பக்கத்து ஊரில் வாங்கிக்கொண்டார்கள்.

நகரத்துக் கடைகளில் சோதனை வந்தால் அந்தச் சரக்குக் கிராமத்துக்குத்தான் தள்ளப்படுகிறது. எங்கள் ஊரில் அந்த எழுத்தைப் படிக்க ஆள் இல்லை என்று தெரிந்தே கொண்டுவருகிறார்கள். வயிற்றால் போனால் நாங்கள் வெயில் சூடு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என்ன தின்றான் என்று சொல்லத் தெரியாது.

வணிகர் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. முறையான ஏஜென்ட் கொடுக்கும் சரக்கும் சில சமயம் தேதி நெருங்கியே வருகிறது. திருப்பிக் கொடுத்தால் எடுக்க மறுக்கிறார்கள். நட்டம் என் தலையில் விழுகிறது. நான் என்ன செய்வது?

கீழமாசி வீதி வணிகர்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எங்கள் சங்கத்து ஆட்கள் நான்கு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். டவுனில் இருக்கும் நாங்கள் கேட்க வேண்டிய பேச்சு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சரக்கை இறக்கும்போதே, பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் பேட்ச் எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற ஏஜென்டிடம் அந்தப் பொருளை மட்டும் எடுக்காதீர்கள். சட்டப்படி, உங்களுக்குச் சரக்குக் கொடுக்கிறவர் பில்லிலோ தனியாகவோ படிவம் ஈ என்ற உத்தரவாதம் தர வேண்டும். நாளைக்கு அதிகாரி வந்து கேட்டால் உங்களைக் காப்பாற்றுவது அந்தக் காகிதம்தான். தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே திருப்பி எடுக்க வேண்டும் என்று முதல் நாளே பேசி, பில்லின் பின்புறம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 2024 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் காலாவதியான, திரும்பி வந்த சரக்கின் கணக்கையும் அதை என்ன செய்தார்கள் என்பதையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இணையத்தில் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே திருப்பி எடுக்க வழியே இல்லை என்று கம்பெனி ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம்.

எடுக்கும் வரை, தேதி முடிந்ததைத் தனி அட்டைப்பெட்டியில் போட்டு, விற்பனைக்கு அல்ல என்று பெரிதாக எழுதிக் கடைக்குப் பின்னால் வையுங்கள். அந்த வண்டிக்காரர் மறுபடி வந்தால் வண்டி எண்ணையும் டின்னையும் படம் எடுத்து, மேலே தொண்டர் கொடுத்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். தனியாக அனுப்பத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சங்கத்தின் பெயரில் புகாராக எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.